ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது திருத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ரோஜர்ஸ் என்ற பெயர் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். அமெரிக்காவில் 1968 முதல் 2001 வரை குழந்தைகளாக இருந்தவர்களிடம் கேட்டால், அவரைத் தெரியாதவர் அரிது. ‘அன்பான மனிதர்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அன்பான மனிதர்கள் எத்தனையோ பேர் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்து, இரண்டு வருடத்தில் மறக்கப்பட்டிருக்கிறார்கள். இவர் நிலைத்ததற்குக் காரணம் தொழில் சுத்தம். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பென்சில்வேனியாவில் 1928இல் பிறந்தவர். படித்தது இசை. நியூயார்க்கில் என்.பி.சி. என்ற ஒளிபரப்பு நிறுவனத்தில் சிறிது காலம் வேலை பார்த்துவிட்டு, 1953இல் பிட்ஸ்பர்க்கில் புதிதாகத் தொடங்கவிருந்த கல்வித் தொலைக்காட்சிக்கு வந்தார். அங்கே ஏழு ஆண்டு திரைக்குப் பின்னால்தான் இருந்தார். பொம்மைகளை ஆட்டுவார், குரல் கொடுப்பார், ஓடிப்போய் ஆர்கன் வாசிப்பார். நேரடி ஒளிபரப்பு என்பதால் தோல் ஷூவின் டக் டக் சத்தம் மைக்கில் விழும். அதற்காக கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டார். பிற்காலத்தில் அவருக்கே அடையாளமாகிப்போன ஷூ அதுதான். 1963இல் கனடாவின் சி.பி.சி. ஒளிபரப்பு நிறுவனம் அவரை கேமரா முன்னால் நிறுத்தியது. 1968 பிப்ரவரி 19 முதல் அமெரிக்கா முழுவதும் அவருடைய நிகழ்ச்சி ஒளிபரப்பானது.

நிகழ்ச்சியின் தொடக்கத்தைப் பாருங்கள். பாடிக்கொண்டே வருவார். கோட்டைக் கழற்றி அலமாரியில் மாட்டுவார். ஸ்வெட்டரை எடுத்துப் போட்டு ஜிப்பை இழுப்பார். உட்கார்ந்து ஷூ மாற்றுவார், கயிற்றைக் கட்டுவார். எதையும் வெட்டிச் சுருக்க மாட்டார்கள். ஓடியாடிவிட்டு வந்து உட்காரும் குழந்தைக்கு மனம் அமர அந்த நேரம் வேண்டும் என்பது கணக்கு. பிறகு ஒரு சின்ன டிராலி வண்டி பொம்மைகளின் கற்பனை ராஜ்யத்துக்குப் போகும். அந்த ராஜ்யத்துக்குள் ரோஜர்ஸ் காலெடுத்து வைக்கவே மாட்டார். நிஜம் எது, கற்பனை எது என்று நான்கு வயதுக் குழந்தைக்குக் குழம்பிவிடக் கூடாது. மார்கரெட் மெக்ஃபார்லண்ட் என்ற குழந்தை உளவியல் அறிஞரோடு உட்கார்ந்து ஸ்கிரிப்டைப் பேசிப் பேசித்தான் இப்படிப்பட்ட முடிவுகளை எடுத்தார்.

இப்போது வாக்கியத்துக்கு வருவோம். அவர் எழுதும் முறையை, அவரோடு வேலை செய்த ஆர்தர் கிரீன்வால்ட், பேரி ஹெட் என்ற இருவர் 1977இல் பாதி கேலியாக ஒன்பது படிகளாக எழுதிவைத்தார்கள். ‘தெருவில் விளையாடுவது ஆபத்து’ என்று தொடங்குகிறது. முதலில் எதிர்மறையை எடுக்க வேண்டும்: ‘பத்திரமான இடத்தில் விளையாடுவது நல்லது.’ எது பத்திரம் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? ‘அப்பா அம்மாவிடம் கேள்.’ இது கட்டளை, ஆகாது. ‘அப்பா அம்மா சொல்வார்கள்.’ கட்டாயம் சொல்வார்கள் என்று நாம் உறுதி தர முடியுமா? ‘அப்பா அம்மாவால் சொல்ல முடியும்.’ அப்பா அம்மா இல்லாத குழந்தையும் பார்த்துக்கொண்டிருக்குமே! ‘உனக்குப் பிடித்த பெரியவர்களால் சொல்ல முடியும்.’ அதன்பிறகு, அவர்கள் சொல்வதைக் கேட்பது நல்லது என்று சேர்த்து, அந்த ‘நல்லது’ தீர்ப்பு மாதிரி இருக்கிறதே என்று ‘கேட்க முயல்வது முக்கியம்’ என மாற்றி, கடைசியில் கேட்டுக்கொள்வதும் வளர்வதில் ஒரு பகுதி என்று முடிப்பார்கள். கேலிதான், ஆனால் முக்கால்வாசி நிஜம். குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அந்தக் கட்டளைப் படியில்.

இவ்வளவு பார்த்தும் தவறு வரும். மருத்துவமனைக் காட்சி ஒன்றில், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையில் காற்றடிப்பதை நர்ஸ் ஆங்கிலத்தில் சொன்ன விதம், வெடிக்கவைப்பது என்றும் பொருள்படக்கூடியது. குழந்தை வெடியைத்தான் எதிர்பார்க்கும், அடுத்து வருவது காதில் ஏறாது. அந்த ஒரு வரிக்கு மட்டும் குரலை மறுபடி பதிவு செய்தார்கள். நிகழ்ச்சியில் மீனுக்கு இரை போடும்போது ‘இதோ, இரை போடுகிறேன்’ என்று ரோஜர்ஸ் வாய்விட்டுச் சொல்வதற்கும் காரணம் உண்டு: மீன் பட்டினி கிடக்கிறதோ என்று பார்வையில்லாத ஒரு சிறுமி கவலைப்பட்டிருந்தாள்.

பெரியவர்களிடமும் அவர் இதே நடையில்தான் பேசினார். 1969 மே 1 அன்று, பொதுத் தொலைக்காட்சிக்கான 2 கோடி டாலர் நிதியைப் பாதியாகக் குறைக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, செனட் துணைக்குழு முன் ஆறு நிமிடம் போலப் பேசினார். எழுதிக்கொண்டுபோனதைப் படிக்கவில்லை. கோபம் வந்தால் என்ன செய்வது என்ற தன் பாட்டின் வரிகளைச் சொன்னார். முரட்டுப் பேர்வழி என்று பேரெடுத்த துணைக்குழுத் தலைவர் ஜான் பாஸ்டோர், ‘2 கோடியைச் சம்பாதித்துவிட்டீர்கள்’ என்று முடித்தார்.

அதே 1969இல், கறுப்பின மக்களை நீச்சல் குளங்களில் சேர்க்க மறுத்த கசப்பு ஆறாத நாட்டில், தன் நிகழ்ச்சியில் போலீஸ்காரர் வேடத்தில் நடித்த கறுப்பினப் பாடகர் ஃபிரான்ஸுவா கிளெமன்ஸை ரோஜர்ஸ் அழைத்தார்; ஒரே சின்னத் தொட்டித் தண்ணீரில் இருவரும் கால் நனைத்தார்கள். பிரசங்கம் எதுவும் இல்லை. ஆனால் தன்பால் ஈர்ப்புள்ள கிளெமன்ஸிடம், அது வெளியே தெரிந்தால் நிகழ்ச்சியில் இருக்க முடியாது என்று சொன்னவரும் ரோஜர்ஸ்தான். கிளெமன்ஸே இதைப் பிற்பாடு வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ரோஜர்ஸைப் புனிதராக்குகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டில் வீடியோவில் பதிவு செய்வது பதிப்புரிமை மீறலா என்ற வழக்கில், தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்து பார்க்கட்டும் என்று சாட்சி சொன்னார். 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதிவு செய்பவர்கள் பக்கம் தீர்ப்பளித்தபோது, அந்தச் சாட்சியத்தையும் மேற்கோள் காட்டியது.

எழுபதுகளின் நடுவில் புதிய படப்பிடிப்பை நிறுத்தியவர், 1979இல் திரும்பிவந்து, வாரத்துக்கு ஒரு பொருள் என ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டும் எடுத்தார். மற்ற நாட்களில் பழைய பகுதிகள் மறு ஒளிபரப்பாகும். அவற்றில் ஆண் பெண் பற்றிக் காலத்துக்கு ஒவ்வாத வரி ஏதும் கண்ணில் பட்டால், அன்றைக்குப் போட்ட அதே உடையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய், அந்தத் துண்டை மட்டும் மறுபடி எடுத்து உள்ளே ஒட்டவைப்பார்.

நன்றி, வணக்கம்.