அனுபவமா, ஆதரவா? அமெரிக்க அதிபர் பிரைமரி பத்தி ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில உக்காந்திருக்கிற அண்ணனுக்கும் அக்காவுக்கும், சிட்டிசன்ஷிப் வாங்கி நவம்பர்ல தவறாம ஓட்டுப் போட்டுட்டு ஒவ்வொரு கட்சியும் தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டெடுப்பு நடத்துற பிரைமரி அன்னிக்கு மட்டும் வீட்டுலயே இருந்துடுற நம்ம சனங்களுக்கும் என் வணக்கம். உங்களை மனசுல வச்சுதான் இன்னிக்கு பேச வந்திருக்கேன், ஏன்னா நவம்பர்ல நம்ம முன்னாடி இருக்கிற ரெண்டு பேரும் யாருங்கிறத பிரைமரிக்குப் போனவங்க முன்னாடியே முடிவு பண்ணிடுறாங்க.

தலைப்பு என்னன்னா, 2028 பிரைமரிக்கு வரப்போறவங்களை எடை போட முக்கியமா பாக்க வேண்டியது அனுபவமா, ஆதரவைத் திரட்டுற ஆற்றலா. ஆற்றலேன்னு வாதாட வந்திருக்கேன் ஐயா.

எனக்கு முன்னாடி பேசின அண்ணன், ஒரு கம்பெனிக்கு மேனேஜர் எடுக்கவே எத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு கேக்குறோம், நாட்டுக்கு அதிபரை எடுக்கும்போது கேக்க வேணாமான்னு கேட்டாரு, நல்ல கைதட்டலும் கிடைச்சுது. அப்புறம் 2020ல ஜோ பைடன் ஜெயிச்சதே அனுபவத்தாலதான், 36 வருஷம் செனட்டர், 8 வருஷம் துணை அதிபர்னு அடுக்கினாரு. அதே பைடனையே எடுத்துக்குவோம் அண்ணே. 2008 பிரைமரியிலயும் அவரு நின்னாரு. அப்பவே செனட்ல 35 வருஷம், வெளியுறவுக் கமிட்டிக்குத் தலைவர் வேற, டெமாக்ரடிக் கட்சியில வெளிநாட்டு விவகாரம் அவரை விட தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. அப்ப முதல்ல ஓட்டெடுப்பு நடந்த அயோவா மாநிலத்துல அவருக்குக் கிடைச்சது என்ன தெரியுமா? 1 சதவீதம் கூட இல்ல. அன்னிக்கு ராத்திரியே விலகிட்டாரு.

சரி, 2020க்கு வருவோம். அயோவாவுல நாலாவது இடம், நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவது இடம். அனுபவம்தான் ஓட்டு வாங்கித் தரும்னா அங்கயும் வாங்கித் தந்திருக்கணும்ல? டிவியில உக்காந்திருந்தவங்க எல்லாம் அவரு கதை முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்க. அப்புறம்தான் சவுத் கரோலினா வந்துச்சு. அங்க டெமாக்ரடிக் பிரைமரியில ஓட்டுப் போடுறவங்கள்ல பாதிக்கு மேல கறுப்பின மக்கள். பிப்ரவரி 26 அன்னிக்கு ஜிம் கிளைபர்ன், அந்த மாநிலத்துல கறுப்பின மக்கள் ரொம்ப மதிக்கிற எம்.பி., பைடனுக்கு வெளிப்படையா ஆதரவு சொன்னாரு. 29ஆம் தேதி 48 சதவீதத்துக்கு மேல வாங்கி பைடன் ஜெயிச்சாரு. அடுத்த ரெண்டு நாள்ல போட்டியில இருந்த புட்டிஜெஜும் க்ளோபுச்சரும் விலகி அவரு பக்கம் வந்தாங்க, பல மாநிலங்கள் ஒரே நாள்ல ஓட்டுப் போடுற மார்ச் 3 சூப்பர் செவ்வாய்ல 14 மாநிலத்துல 10 மாநிலம் அவருக்கு. ஒரு வாரத்துக்குள்ள பைடனோட பயோடேட்டாவுல ஒரு வரி கூட மாறல ஐயா, மாறினது அவரு பின்னாடி வந்து நின்ன ஆளுங்க.

அண்ணன் எழுந்து கேப்பாரு, துணை அதிபரா இருந்த 8 வருஷமும் அனுபவம்தானே, அதனாலதானே அந்த மக்கள் வந்தாங்கன்னு. நியாயமான கேள்விதான். ஆனா சவுத் கரோலினாவுல அந்த வயசான அம்மாக்கள் பைடனுக்கு ஓட்டுப் போட்டது அவருக்கு ஃபைல் பாக்கத் தெரியும்னா? ஒபாமா பக்கத்துல 8 வருஷம் விசுவாசமா நின்னாரு, இவரு நம்ம ஆளு, இவரால ட்ரம்ப்பை தோக்கடிக்க முடியும்னு நம்பினாங்க. அது வேலை அனுபவம் இல்ல, உறவு. அந்த உறவை சம்பாதிக்கத் தெரியுதாங்கிறதைத்தான் நான் எடை போடச் சொல்றேன்.

இதை கண்ணால பாக்கணும்னா பழைய அயோவா காக்கஸ்தான், அதாவது கட்சிக்காரங்க கூட்டமா கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற முறைதான், சரியான இடம். 2020 வரைக்கும் டெமாக்ரட் கட்சிக்காரங்க நடத்தின விதத்தைச் சொல்றேன். குளிர் காலம், சாயங்காலம் 7 மணி, ஏதோ ஒரு ஸ்கூல் ஜிம். ரகசிய ஓட்டெல்லாம் கிடையாது, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை, யாரு யாருக்கு ஆதரவோ அந்த மூலையில எல்லாரும் பாக்க போய் நிக்கணும். தலை எண்ணுவாங்க. பெரும்பாலான இடங்கள்ல 15 சதவீதம் தேறாத மூலை செல்லாது. அந்த மூலையில நின்னவங்க இப்ப வேற மூலைக்குப் போகலாம், அப்பதான் நிஜமான பரீட்சை, ஏன்னா பக்கத்து மூலையில இருக்கிறவன் வந்து கையப் பிடிச்சு எங்க பக்கம் வாங்க, உங்க ஆளு சொல்ற மருத்துவக் காப்பீட்டு விஷயத்தைத்தான் எங்க ஆளும் சொல்றாருன்னு கெஞ்சுவான். அந்த நேரத்துல வேட்பாளர் எத்தனை வருஷம் பதவியில இருந்தாருங்கிறதா வேலை செய்யும்? அவரை தன்னோட ரெண்டாவது சாய்ஸா எத்தனை பேரு மனசுல வச்சிருக்காங்கங்கிறதுதான் வேலை செய்யும். ஒரு வேட்பாளருக்கு வெறித்தனமான ரசிகர் 20 சதவீதம் இருக்கலாம், மத்த 80 சதவீதமும் அவரு பேரைக் கேட்டாலே முகம் சுளிச்சா அவரு அங்கயே நின்னுடுவாரு.

2008ல ஹிலரி கிளிண்டன், ஒபாமா. அனுபவத்துல யாரு பெரியவங்கன்னு யாரும் சண்டை போட வேண்டியதில்ல, ஹிலரிதான். ஒபாமா செனட்டுக்கு வந்தே 3 வருஷம். ஆனா ஹிலரியோட அனுபவத்துலயே ஒரு பலவீனம் ஒளிஞ்சிருந்துச்சு, 2002ல இராக் போருக்கு அனுமதி குடுக்கிற தீர்மானத்துக்கு அவங்க ஆதரவா ஓட்டுப் போட்டிருந்தாங்க. பதவியில இருந்த ஒவ்வொரு வருஷமும் பலம் மட்டும் சேக்காது, பதில் சொல்ல வேண்டிய ஓட்டுகளையும் சேக்கும். எதிரணி இதைக் கணக்குலயே எடுக்கல.

ஒபாமா என்ன பண்ணாருன்னா, எதிராளி எட்டிக்கூட பாக்காத சின்ன மாநிலங்கள்ல ஆபீஸ் போட்டு ஆளு சேத்தாரு. 2008 சூப்பர் செவ்வாய்ல நியூ ஜெர்ஸியில ஹிலரி ஜெயிச்சாங்க, டெலிகேட், அதாவது வேட்பாளரை முடிவு பண்ற கட்சி மாநாட்டுக்குப் போற பிரதிநிதிகள், 59க்கு 48, அதாவது 11 கூடுதல். அதே நாள் ஐடஹோவுல, டெமாக்ரட் கட்சிக்காரங்களை தேடித்தான் கண்டுபிடிக்கணும் அந்த மாநிலத்துல, காக்கஸ்ல ஒபாமா 15க்கு 3ன்னு ஜெயிச்சாரு, 12 கூடுதல். ஒரு பெரிய மாநிலத்தோட வெற்றியை ஐடஹோ தனியா ஈடு கட்டிடுச்சு! ஓட்டை விகிதப்படி டெலிகேட்டா பிரிக்கிற அந்தக் கட்சி விதியை புரிஞ்சுக்கிட்டு ஆளுங்களை ஒருங்கிணைச்சது யாருன்னு பாருங்க, அனுபவம் கம்மியான ஆளு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க. மைக்கேல் ப்ளூம்பெர்க், நியூயார்க் மாதிரி ஒரு ஊரை 12 வருஷம் மேயரா நடத்தினவர், 2020ல கிட்டத்தட்ட 100 கோடி டாலர் சொந்தக் காசு செலவு பண்ணாரு. அவரு ஜெயிச்ச ஒரே இடம் அமெரிக்கன் சமோவா தீவு. 2016ல ஜெப் புஷ், ரெண்டு தடவை ஃப்ளோரிடா கவர்னர், அப்பாவும் அண்ணனும் அதிபர், அவருக்கு ஆதரவா இருந்த சூப்பர் பேக்ங்கிற நிதி அமைப்பு திரட்டினது மட்டும் 10 கோடி டாலருக்கு மேல, சவுத் கரோலினாவோட மூட்டை கட்டிட்டாரு.

இப்ப நம்ம வீட்டுக்குள்ளயே ஒரு உதாரணம் சொல்லணும், சிலருக்கு வருத்தமா இருக்கும். கமலா ஹாரிஸ். அவங்க தாத்தாவோட பூர்வீகம் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரம், நமக்கெல்லாம் பெருமைதான், எனக்கும்தான். ஆனா பெருமைப்படுறது வேற, எடை போடுறது வேற. சான் பிரான்சிஸ்கோ அரசு வழக்கறிஞர், கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல், செனட்டர்னு பயோடேட்டா ரொம்ப பலமானது. 2019 ஜனவரியில ஓக்லண்ட்ல முதல் கூட்டத்துக்கே 20,000 பேர் வந்ததா சொன்னாங்க. ஜூன்ல நடந்த டிபேட்ல பைடனையே தடுமாற வச்சாங்க. ஆனா மருத்துவக் காப்பீட்டுல அவங்க நிலைப்பாடு என்னன்னு ஜனங்களுக்குத் தெளிவா புரியல, இடதுசாரிகளுக்கு அவங்க வழக்கறிஞரா இருந்த காலத்து மேல கோபம், கறுப்பின வாக்காளர்களோ பைடனை விட்டு நகரல. டிசம்பர் 3ஆம் தேதி, ஒரு ஓட்டு கூட விழுறதுக்கு முன்னாடி, காசு இல்லன்னு விலகிட்டாங்க. திறமை இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. இவங்க எனக்கானவங்கன்னு சொல்லி நிக்க ஒரு கூட்டம் உருவாகல, அவ்வளவுதான். புட்டிஜெஜுக்கு நேர் எதிரான சிக்கல், வெள்ளைக்காரங்க அதிகமா இருக்கிற அயோவாவுல டெலிகேட் கணக்குல முதலிடம், சவுத் கரோலினாவுல 8 சதவீதம். ஒரு வட்டத்துக்குள்ள பிரமாதம், அந்த வட்டத்தைத் தாண்டல.

குடியரசுக் கட்சியிலயும் இதே கதைதான். ரான் டிசான்டிஸ் 2022ல ஃப்ளோரிடா கவர்னர் தேர்தலை 19 சதவீத வித்தியாசத்துல ஜெயிச்சவர், 2024 பிரைமரிக்காக அயோவாவுல 99 கவுன்ட்டியும், அதாவது மாவட்டமும், சுத்தி வந்தாரு, கிடைச்சது 21 சதவீதம், ட்ரம்ப்புக்கு 51. ஏன்னா அவரு கேட்டதெல்லாம் ட்ரம்ப்போட ஆளுங்க ஓட்டு, அவங்களுக்கு ட்ரம்ப்பே இருக்கும்போது இவரு எதுக்கு? நிக்கி ஹேலி கதை இன்னும் முக்கியம், ஏன்னா அது எங்க அணிக்கும் ஒரு எச்சரிக்கை. கட்சி சாராதவங்களும் ஓட்டுப் போடக்கூடிய நியூ ஹாம்ப்ஷயர்ல 43 சதவீதம் வாங்கினாங்க, ஆனா ரெண்டு தடவை கவர்னரா இருந்த சொந்த மாநிலமான சவுத் கரோலினாவுல 40 சதவீதத்தைக் கூட தொடல. வெளியாள் ஆதரவு மட்டும் போதாது, முதல்ல கட்சிக்குள்ள ஒரு தளம் வேணும், அதுலேருந்து வெளிய விரியணும். நான் சொல்ற ஆற்றல்ங்கிறது இந்த ரெண்டும் சேந்தது.

அக்கா கேட்ட கேள்விக்கு வரேன். கூட்டம் சேக்கிறவன் எல்லாம் நல்லா ஆளுவானான்னு கேட்டாங்க. ஆளுவான்னு நான் உத்தரவாதம் தர முடியாது அக்கா. ஆனா மக்களோட பரீட்சையைத் தாண்டாம அனுபவத்தை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு சொல்ல முடியும். 1968ல ஹ்யூபர்ட் ஹம்ப்ரி, துணை அதிபர், பழுத்த அரசியல்வாதி, ஒரு பிரைமரியில கூட போட்டி போடாம கட்சிப் பெரியவங்க கையால வேட்பாளர் ஆனாரு. சிகாகோ மாநாட்டு வாசல்ல அடிதடி, கட்சி ரெண்டா கிழிஞ்சு நவம்பர்ல நிக்ஸன் கிட்ட தோல்வி. அதுக்கப்புறம்தான் விதியை மாத்தி பிரைமரிக்கு இவ்வளவு அதிகாரம் குடுத்தாங்க. 2024ல என்ன நடந்துச்சு? அனுபவத்துல பைடனை மிஞ்ச ஆளே இல்ல, அப்ப பதவியில இருந்த அதிபர். பெரிய தலைங்க யாரும் எதிர்த்து நிக்கல, பிரைமரி பேருக்கு நடந்துச்சு. வயசுங்கிற பலவீனத்தை பிரைமரியிலயே உரசிப் பாத்திருக்க வேண்டிய கட்சி, ஜூன் 27 டிபேட்ல நாடே பாத்த பிறகு பதறிப்போய், ஜூலை 21ல அவரு விலக, பிரைமரியே இல்லாம ஹாரிஸை நிறுத்துச்சு. அவங்களுக்குக் கிடைச்சது மூணரை மாசம். தன் பின்னாடி யாரு நிக்கிறாங்க, யாரு நிக்கலன்னு தெரிஞ்சுக்கிற வாய்ப்பே அவங்களுக்குக் குடுக்கப்படல, அது எனக்கு இன்னிக்கும் வலிக்குது.

இப்ப 2028க்கு பேர் அடிபடுறவங்களை இந்தத் தராசுல வைங்க. கேவின் நியூசம், 2021ல அவரைக் கலிஃபோர்னியா கவர்னர் பதவியிலேருந்து திரும்ப அழைக்க ஓட்டெடுப்பு வச்சப்ப 60 சதவீதத்துக்கு மேல வேணாம்னு சொல்லிக் காப்பாத்தினாங்க, நல்ல பலம், ஆனா அரசியல் வாழ்க்கை முழுக்க கலிஃபோர்னியா, மிச்சிகன் கார் ஃபேக்டரி தொழிலாளி அவரைத் தன் ஆளுன்னு சொல்லுவாரா? ஜாஷ் ஷப்பிரோ, இழுபறி மாநிலமான பென்சில்வேனியாவுல 2022 கவர்னர் தேர்தல்ல கிட்டத்தட்ட 15 சதவீதத்துல ஜெயிச்சவர், எதிர்க்கட்சி ஓட்டையும் இழுத்தவர், இருக்கிறதுல எனக்கு ரொம்ப நம்பிக்கை தர்ற கணக்கு அதுதான், ஆனா கட்சிக்குள்ள இளைஞர்களும் இடதுசாரிகளும் அவரைத் தங்களோட ரெண்டாவது சாய்ஸாவாவது வச்சிருக்காங்களான்னு பாக்கணும். ஜே.டி. வான்ஸ், துணை அதிபர் ஆகுறதுக்கு முன்னாடி செனட்ல 2 வருஷம்தான், அதை வச்சு அவரைக் கழிச்சுடாதீங்க, ட்ரம்ப்போட ஆளுங்க ட்ரம்ப் இல்லாதப்பவும் அவருக்காக வரிசையில நிப்பாங்களான்னு கேளுங்க.

மார்க்கோ ரூபியோ பேரையும் சொல்றாங்க. 2016ல செனட்டரா இருந்துக்கிட்டே சொந்த ஃப்ளோரிடாவுல ட்ரம்ப் கிட்ட தோத்து, மயாமி-டேட் கவுன்ட்டி ஒண்ணைத் தவிர அத்தனையும் விட்டுட்டு அன்னிக்கே விலகினவர். அதுக்கப்புறம் வெளியுறவு அமைச்சர் பதவி வரைக்கும் அவரு பயோடேட்டா நீண்டுக்கிட்டே போயிருக்கு. அன்னிக்கு அவரைக் கைவிட்ட அந்த மத்த கவுன்ட்டிகள்ல எத்தனை இன்னிக்கு அவரு பக்கம் வரும், அதுக்கு அந்தப் பதவி எப்படி உதவும்னு எதிரணியில அடுத்து பேச வர்றவங்க சொல்லட்டும் நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.