பூச்சியங்கள் ஏன் ஒட்டி நிற்பதில்லை?

[திரை: மழை மூட்டத்தில் ஹட்டன் நகரம், பிறகு கரும்பலகை]

வணக்கம். ஹட்டனிலிருந்து பேசுகிறேன். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் தம்பி தங்கச்சிமாருக்குத் தாயமும் சிக்கலெண்ணும் பழக்கம்தான். இன்று அதற்கு மேல் பெரிதாக எதுவும் வேண்டாம்.

[திரை: செங்குத்துக் கோட்டில் புள்ளிகள்: 14.13, 21.02, 25.01, 30.42, 32.94]

1859 இல் ரீமான், முதன்மை எண்களின் பரம்பலை ஸீட்டா என்ற சார்பின் பூச்சியங்களோடு, அதாவது அந்தச் சார்பின் பெறுமானத்தை 0 ஆக்கும் சிக்கலெண்களோடு, முடிச்சுப் போட்டார். முக்கியமான பூச்சியங்கள் அனைத்தின் மெய்ப்பகுதியும் 1/2 என்பது அவருடைய ஊகம். இன்னும் நிறுவப்படவில்லை. திரையில் இருப்பவை முதல் ஐந்தின் கற்பனைப் பகுதிகள். மேலே போகப் போக நெருக்கம் கூடும். ஆகவே சராசரி இடைவெளி 1 ஆகும்படி அளவை மாற்றிக்கொள்கிறோம்.

பழைய விதைத் தேயிலை மலையைப் பாருங்கள். செடிக்குச் செடி தூரம் ஒன்றாக இராது. ஆனாலும் இரண்டு தூர்கள் ஒட்டி நிற்பது அபூர்வம். பூச்சியங்களும் அப்படித்தான்.

[திரை: 1 − (சைன்(பை·உ) ÷ (பை·உ))²]

இரண்டு பூச்சியங்கள் உ தூரத்தில் இருப்பதற்கான அடர்த்திக்குக் கணிதர் ஹியூ மொன்ட்கொமரி ஊகித்த சூத்திரம் இது. 1972 இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவகத்தில், தேநீர் வேளையில், இதைப் பௌதிகர் ஃப்ரீமன் டைசனிடம் சொன்னார். டைசனுக்கு அது ஏற்கெனவே தெரிந்த சூத்திரம்: எழுமாற்று ஹெர்மிசியன் தாயங்களின் (மூலைவிட்டத்தின் இரு புறமும் உள்ள எண்கள் ஒன்றுக்கொன்று உடன்புணரியாக அமைந்த தாயங்கள்) ஐகன் பெறுமானங்களுக்கு உரியது. ஐகன் பெறுமானம் என்பது, தாயம் ஒரு காவியைத் திசை மாற்றாமல் எத்தனை மடங்காக்குகிறது என்ற எண். 1950களில் பௌதிகர் விக்னர், கனமான அணுக்கருக்களின் சக்தி மட்டங்களை விளக்க எழுமாற்றுத் தாயங்களைக் கொண்டுவந்திருந்தார். (கோப்பையில் இருந்தது நம் மலைத் தேயிலையா என்று என்னைக் கேட்காதீர்கள்.)

உ = 0.1 என்று போடுங்கள்: சுமார் 0.032. பாதியாக்கி 0.05 போடுங்கள்: 0.008. தூரம் பாதியானால் அடர்த்தி கால் பங்கு. புள்ளிகள் தம்பாட்டில் சிதறியிருந்தால் இரண்டு இடத்திலும் 1 வந்திருக்கும்.

[திரை: முதல் நிரை அ, ஆ, இரண்டாம் நிரை ஆ, இ]

தாயத்தில் இந்த விலகல் எங்கிருந்து வருகிறது? இந்த 2×2 தாயத்தின் இரண்டு ஐகன் பெறுமானங்களின் வித்தியாசம் (அ − இ)² + 4ஆ² என்பதன் வர்க்கமூலம். அ, இ இரண்டும் 3, ஆ = 1 எனில் வித்தியாசம் 2. மூலைவிட்டத்தில் ஒரே எண் இருந்தும் ஆ அவற்றை விலக்கிவிடுகிறது. ஒட்ட வேண்டுமானால் அ = இ, ஆ = 0 இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஹெர்மிசியன் தாயத்தில் ஆ சிக்கலெண். அதன் இரு பகுதிகளும் பூச்சியமாக வேண்டும். நிபந்தனை மூன்றாகிறது. மூன்றும் சேர்ந்து சிறுக்கும் வாய்ப்பு தூரத்தின் கனம் போலக் குறையும், அடர்த்தி அதன் வர்க்கம் போலக் குறையும். அந்தக் கால் பங்குக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது.

மொன்ட்கொமரி நிறுவியது ஒரு பகுதியை மட்டுமே, அதுவும் ரீமான் ஊகம் சரியென்று வைத்துக்கொண்டு. 1980களில் கணிதர் ஒட்லிஸ்கோ மிக உயரத்திலுள்ள பூச்சியங்களைக் கணினியில் கணித்தார். வரைபு சூத்திரத்தின் மேல் அப்படியே படிந்தது. எனக்கு இது நிறுவலைவிடக் கூச்சம் தரும் சான்று: மறுக்கவும் முடியாது, விளங்கவும் விளங்காது.

ஸீட்டாவுக்கு உறவான டிரிச்லே எல்-சார்புகளும் உயரத்தில் இதே போக்கைத்தான் காட்டுகின்றன. கற்பனைப் பகுதி 0 க்கு அருகில் பார்த்தால் எல்-சார்புகளின் குடும்பத்துக்குக் குடும்பம் குணம் மாறும் என்று கணிதர்களான காட்ஸ், சார்னக் இருவரும் 1999 இல் எடுத்துக்காட்டினார்கள். இருபடிக் குடும்பத்தில் பூச்சியங்கள் 1/2 என்ற புள்ளியையே ஒதுக்கிவிட்டு நிற்கின்றன.

முடிவுள்ள களங்களின் (எண்ணக்கூடிய சில உறுப்புகளே கொண்ட எண் தொகுதிகளின்) மேல் அமைந்த எல்-சார்புகளில் மர்மம் இல்லை: அங்கே ஃப்ரோபீனியஸ் என்ற தாயம் உண்மையாகவே இருக்கிறது, பூச்சியங்கள் அதன் ஐகன் பெறுமானங்களிலிருந்தே கிடைக்கின்றன; ரீமான் ஊகத்துக்கு ஈடான அங்குள்ள கூற்றைக் கணிதர் டெலீன் 1974 இல் நிறுவிவிட்டார். ஸீட்டாவுக்கு அப்படி ஒரு தாயத்தை இதுவரை எவரும் கண்டெடுக்கவில்லை.