அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தா எங்களுக்கும் வருமா?

[காட்சி: டச் பே கடற்கரை, பின்னேரம். சனம் நடக்குது.]

குரல்:
திருகோணமலையில ஒரு கலியாண வீட்டில "எனக்குச் சீனி போடாத பிளேன்டீ" என்று கேட்டுப் பாருங்க. பக்கத்துக் கதிரையில இருக்கிறவர் உடனே கேட்பார்: "அம்மாவுக்கும் இருந்ததோ?"

சரியான கேள்விதான். டைப் 2 நீரிழிவு குடும்பத்தில ஓடுற வருத்தம். ஆனா அதுக்கென்று ஒற்றைப் பரம்பரையலகு கிடையாது. டிஎன்ஏயில நூற்றுக்கணக்கான இடங்கள்ல இருக்கிற சின்ன வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், இல்லாட்டிக் குறைக்கும்.

[காட்சி: 10ஆம் நிறமூர்த்தம். ஒரு புள்ளி மினுங்குது.]

இதுக்குள்ள பெரிய ஆள் டிசிஎஃப்7எல்2 என்கிற பரம்பரையலகு. ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2006இல அடையாளம் கண்டது. மாறுறது ஒரேயொரு டிஎன்ஏ எழுத்து: சி இருக்கிற இடத்தில டி. அம்மாட்ட இருந்தும் அப்பாட்ட இருந்தும் டி வந்தவருக்கு, ஒன்றும் வராதவரை விட ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. சதையி தேவையான அளவு இன்சுலின் சுரக்கச் சிரமப்படும். பெரிய ஆளின்ட பலமே இவ்வளவுதான்!

எஸ்எல்சி30ஏ8 என்று இன்னொன்று இருக்கு. அதில ஒரு பிரதி வேலை செய்யாமல் போனா ஆபத்து பாதிக்கு மேல குறையுது. பழுதானாத்தான் நன்மை, 2014இல இது வெளிவந்தபோது பலருக்கு ஆச்சரியம்.

[காட்சி: இரண்டு கோடுகள், ஒன்று ஏறுது.]

இனித்தான் முக்கியமான கதை. அமெரிக்காவில, நீரிழிவுக்குக் கிட்ட நின்ற 3,234 பேரை வைத்து ஒரு ஆய்வு. ஒரு குழுவுக்கு இலக்கு: எடையில 7 வீதம் குறைக்கிறது, கிழமைக்கு 150 நிமிடம் நடை மாதிரி உடற்பயிற்சி. இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. ஏறக்குறைய மூன்று வருடத்தில, நடந்த குழுவில வருத்தம் வந்தது 58 வீதம் குறைவு.

பிறகு அவையின்ட டிஎன்ஏயையும் பார்த்தார்கள். வெறும் குளிசைக் குழுவில, இரண்டு டி உள்ளவைக்கு ஆபத்து 80 வீதம் கூட. நடந்த குழுவில அந்த வித்தியாசம் பெரும்பாலும் இல்லாமல் போச்சு. எழுத்து மாறவேயில்லை!

[காட்சி: தராசு, இடுப்பு அளக்கிற நாடா.]

"நான் மெலிவுதானே" என்று ஆறுதல்படவும் ஏலாது. தெற்காசியருக்கு மெலிஞ்ச உடம்பிலயும் வயிற்றுக்குள்ள கொழுப்பு சேரும், தசை குறைவு. உயரத்துக்கு எடை கூடவோ என்று காட்டுற பிஎம்ஐ கணக்கில, ஐரோப்பியருக்கு எல்லை 25, எங்களுக்கு 23.

பரம்பரையலகுச் சோதனைக்குக் காசு கட்டத் தேவையில்லை. பக்கத்துக் கதிரைக்காரரின்ட கேள்வியே பாதி விடை. மிச்சத்துக்கு, வெறும் வயிற்றில ஒரு இரத்தப் பரிசோதனை. சீனி அளவு டெசிலீட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதுக்கு மேல இரண்டு தரம் வந்தா நீரிழிவு. 100க்கும் 125க்கும் இடையில வந்தா, அந்த 3,234 பேர் நின்ற இடத்துக்குக் கிட்டத்தான் நீங்களும் நிற்கிறீங்க.