வெள்ளைப்படுதலும் அதிக உதிரப்போக்கும்: டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையின் எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காலையில் பெண்கள் வரிசைதான் நீளம். வாங்கிய ஓ.பி. சீட்டில் "இடுப்பு வலி", "அசதி", "தலைச்சுற்றல்" என்று இருக்கும். டாக்டர் மருந்து எழுதி முடித்து, எழுந்து கிளம்பும்போதுதான் "டாக்டர், இன்னொண்ணு... வெள்ளை படுது" என்று மெல்லிய குரலில் வரும். அம்மா, அதை முதலிலேயே சொல்லுங்கள். அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள்.

வெள்ளைப்பட்டால் எலும்பு உருகுகிறது, உடம்புச் சூடு இறங்குகிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். எலும்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிறப்புறுப்பு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள ஓரளவு திரவம் சுரப்பது இயல்பு. இரண்டு மாதவிடாய்க்கு நடுவில், கருமுட்டை வெளிவரும் நாட்களில், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பாக இழுபடும். கர்ப்ப காலத்தில் கூடுதலாக இருக்கும். அரிப்பு, நாற்றம், எரிச்சல் இல்லையென்றால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம்.

எது நோய்? கெட்டியாக, தயிர்த் திப்பி போல, தாங்க முடியாத அரிப்போடு வந்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. மெலிதாக, சாம்பல் நிறத்தில், தாம்பத்தியத்துக்குப் பிறகு மீன் வாடை அதிகமாக அடித்தால் பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்திருக்கிறது. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். இது உடலுறவின் மூலம் பரவுவது. கணவரும் அதே சமயத்தில் மாத்திரை சாப்பிடாவிட்டால் திரும்பத் திரும்ப வரும். மனைவிக்கு மட்டும் மூன்று முறை வைத்தியம் பார்த்து, "குணமே ஆகவில்லை" என்று ஆஸ்பத்திரி மாறுவதில் பயனில்லை.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் "வெள்ளைப்படுது, ஏதாவது குடுங்க" என்று கேட்பது வீண் செலவு. பூஞ்சைக்கு க்ளோட்ரிமசோல் மாத்திரையை இரவு படுக்கும்போது பிறப்புறுப்புக்குள் வைக்கச் சொல்வார்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, விரல் எட்டும் ஆழத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு எழுந்திருக்காமல் தூங்க வேண்டும். வைத்துவிட்டு வேலை பார்த்தால் கரைந்து வெளியே வந்துவிடும். மாதவிடாய் நாட்களில் வைத்தால் உதிரத்தோடு போய்விடும். பூஞ்சைக்கு வாய்வழி சாப்பிடும் ஃப்ளூகோனசோல் மாத்திரையைக் கர்ப்பிணிகள் தாங்களாக வாங்கி விழுங்கக் கூடாது. மீன் வாடைக்குத் தரும் மெட்ரோனிடசோல் வழக்கமாக ஏழு நாள். வாயில் இரும்பு ருசி, குமட்டல் வரும். அதற்குப் பயந்து மூன்றாம் நாளே நிறுத்துபவர்கள் அதிகம். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டு, ஏழு நாளும் முடியுங்கள்.

பூஞ்சை அடிக்கடி வந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். சோப்பு, டெட்டால், விளம்பரத்தில் வரும் வாஷ் எதையும் உள்ளே விட்டுக் கழுவாதீர்கள். அங்கே நன்மை செய்யும் லாக்டோபேசில்லஸ் கிருமிகள் ஒரு அமிலத்தன்மையைக் காத்து வைத்திருக்கின்றன. கழுவக் கழுவ அது அழிந்து தொற்று கூடும். வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும். அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவின்போது ஆழத்தில் வலி இவை சேர்ந்திருந்தால் அன்றே போக வேண்டும். தொற்று கருக்குழாய்க்கு ஏறியிருந்தால் பதினான்கு நாள் மருந்து தேவைப்படும். விட்டால் குழாய் அடைத்துக் குழந்தைப்பேறே பாதிக்கப்படும்.

கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. டி. நகர் மாதிரி இடங்களில் கழிவறைக்குப் போகத் தயங்கித் தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்புக்கு இது ஒரு முக்கியக் காரணம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே வந்தது. கழிவறைக்குப் போக நேரம் கேட்பதும் உங்கள் உரிமைதான்.

இனி உதிரப்போக்கு. "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிப் பழகிவிட்ட பெண்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா? 10 ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி விழுகிறதா? எட்டு நாளைத் தாண்டுகிறதா? 24 நாளுக்குள்ளேயே அடுத்தது வந்துவிடுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சொல்ல வேண்டும். மாதவிடாய் தொடங்கிய நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, மூன்று மாதக் கணக்கைக் கையோடு கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஹீமோகுளோபின், தேவைப்பட்டால் தைராய்டு, ஸ்கேன் பார்ப்பார். வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே கொட்டுகிற பெண் பிள்ளைக்கு ரத்தம் உறைவதில் குறை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அதோடு சேரக் கூடாது. காலை ஃபில்டர் காபிக்கும் மாத்திரைக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாக உடம்பில் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். களைப்பு போனதும் நிறுத்திவிட்டால், சேமிப்பு நிரம்பாமல் சில மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

ஸ்கேனில் ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பையில் வளரும் புற்றுநோயல்லாத தசைக்கட்டி, தெரிந்த உடனே கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. தொந்தரவு தராத கட்டியைக் கண்காணித்தாலே போதும். மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். அதிக உதிரப்போக்குக்கு டிரானெக்சாமிக் அமிலம் என்ற மாத்திரை, கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் காயில் என்று வழிகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுப் பார்க்காமல் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆனால் மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு பட்டாலும் தள்ளிப்போடக் கூடாது. உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும் அப்படியே. சுகாதார நிலையத்திலிருந்து எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனைக்கோ திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனைக்கோ சீட்டு கொடுத்தால் அந்த வாரமே போங்கள்.

தொந்தரவே இல்லாவிட்டாலும் 30 வயது கடந்தவர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் தொற்றி, நோயாக மாறப் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் புற்றுநோயாகவே மாறாமல் தடுக்கலாம். ஸ்பெகுலம் என்ற, உள்ளே விரித்துப் பார்க்க உதவும் கருவியை வைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாற்றமடைந்த இடம் வெள்ளையாகத் தெரியும். லேசான எரிச்சல் இருக்கலாம், ஊசி கிடையாது, முடிவு அங்கேயே தெரிந்துவிடும். வெள்ளையாகத் தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மேல்பரிசோதனை தேவை என்பது மட்டுமே. மாதவிடாய் நின்றவர்களுக்கு மாற்றம் வரக்கூடிய பகுதி கர்ப்பப்பை வாய்க்கு உள்ளே போய்விடுவதால் பாப் (செல்களைச் சேகரித்துப் பார்க்கும் சோதனை) அல்லது ஹெச்.பி.வி. சோதனை பொருத்தமாக இருக்கும். மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் உறவும், உள்ளே வைக்கும் மருந்தும் தவிர்த்துவிட்டு, சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் போதும். பெண் டாக்டர் அல்லது நர்ஸ் உடனிருக்க வேண்டும் என்று கேளுங்கள். வணக்கம்.