தளர்ந்த தந்தியின் கனம்

நேயர்களுக்கு வணக்கம். ஹெவி மெட்டல் என்ற முரட்டு ராக் இசையின் பெயரைக் கேட்டதுமே வானொலியின் ஒலியைக் குறைக்கக் கை நீட்டுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். இப்போது பாட்டு எதையும் ஒலிக்கவிடப் போவதில்லை என்பதால் தைரியமாகக் கேட்கலாம். அந்த இசையின் முன்னோடிகளான பிளாக் சபாத் என்ற ஆங்கிலேயக் குழுவினர் 1971ஆம் ஆண்டு வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' என்னும் இசைத்தொகுப்பை, கல்லூரிக் காலத்தில் நண்பர் ஒருவர் பதிவு செய்து கொடுத்த கேசட்டில் கேட்டுப் பழகியவன் நான். கோவை கணபதியில் பட்டறை நடத்தும் இந்த வயதில் அதை மறுபடி கேட்கும்போது, பாட்டைவிட அதை வாசித்தவரின் விரல்களே மனத்தில் முந்தி நிற்கின்றன.

அந்த விரல்களுக்குரிய கிதார் கலைஞர் டோனி அயோமி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக்காரர். நம் கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறார்கள். பஞ்சாலைகளை மட்டும் எண்ணினால் அது சரி, பவுண்டரிகளையும் லேத்துகளையும் சேர்த்து எண்ணினால் நமக்கு நெருங்கிய சொந்தம் பர்மிங்காம்தான் என்பது என் நெடுநாள் கட்சி. அங்கே ஒரு தகடு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்த அயோமிக்கு அப்போது வயது 17. இசைக்குழுவோடு போவதற்காக வேலையை விட முடிவு செய்து, கடைசி நாளன்று மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், இனிப் போக வேண்டாமே என்றிருக்கிறார். ஒழுங்காக நாளை முடித்துவிட்டு வா என்று தாயார் அனுப்பி வைத்தார். தகட்டை அழுத்தும் பிரஸ் எந்திரத்தை ஓட்டுபவர் அன்று வராததால் பழக்கமில்லாத அந்த எந்திரத்தில் இவரை நிறுத்தினார்கள். வலக்கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போய்விட்டன. அவர் இடக்கை வாசிப்பாளர்; ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிரஸ் வேலையின் அபாயத்தை நம் ஊர் நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தீயில் கை கருகி, இரண்டே விரல்களால் வாசித்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேலாளர் கொண்டுவந்து கொடுத்துத் தேற்றினார். பிறகு நடந்தது அசல் பட்டறை வேலை: பாத்திரம் கழுவும் திரவம் இருந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுழையத் துளையிட்டு, தேய்த்து மெருகேற்றி, மேலே தோல் ஒட்டித் தமக்கான விரலுறையைத் தாமே செய்துகொண்டார். தந்திகளையும் மெல்லியவையாக மாற்றினார்.

இந்தத் தொகுப்பில் அவர் இன்னும் ஒரு படி இறங்கினார். சில பாடல்களுக்குக் கிதாரின் சுருதியையே ஒன்றரைக் கட்டை தாழ்த்தினார். சுருதி தாழ்ந்தால் தந்தி தளரும். தந்தி தளர்ந்தால் புண்பட்ட விரலுக்கு வலி குறையும். பேஸ் என்னும் கீழ்ச்சுருதிக் கிதார் வாசித்த கீஸர் பட்லரும் உடன் இறங்கவே, 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' பாட்டின் தொடக்கத்தில், நோம்பியில் திடுமம் அதிர்வதுபோல, காதுக்கு முன்பே நெஞ்சு கேட்டுவிடுகிறது. முரட்டுத்தனம் என்று பலர் சொல்லும் இந்தக் கனம், காயம்பட்ட கை தனக்குத் தேடிக்கொண்ட வசதி. மறுபடியும் சொல்கிறேன், வசதி. பின்னால் வந்த மெட்டல் குழுக்கள் பல, விரல் பழுதில்லாமலேயே சுருதியை இறக்கிக்கொண்டன.

முதல் பாட்டு ஓர் இருமலோடு தொடங்குகிறது, இருமுபவர் அயோமியே. கஞ்சாவைப் போற்றும் அந்தப் பாட்டுக்குப் பரிந்து பேச நான் வரவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. 'சாலிட்யூட்' பாட்டில் அயோமியே புல்லாங்குழலும் வாசித்திருப்பதையும், 'இன்டு த வாய்ட்' பாட்டின் நடை மாற்றங்களையும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், அதற்கு இடமில்லை. குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலையில் பர்மிங்காமில் கடைசியாகப் பாடி, அதே மாதம் மறைந்தார். அந்தக் கடைசி மேடையிலும் அயோமி வாசித்தார். முழுத் தொகுப்பும் சுமார் 34 நிமிடம்தான். புதிதாகக் கேட்பவர்கள் 'சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்' பாட்டிலிருந்து தொடங்கலாம். நன்றி, வணக்கம்.