பின்னால் 8:39, முன்னால் 8:43 - என் ஜீப் ஏன் முறுக்கிக்கொண்டது?

வணக்கம். கேமராவைத் தரையில் வைத்திருக்கிறேன், படம் கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும். நான் ஜீப்புக்கு அடியில் படுத்திருக்கிறேன். கையில் ஒரு சாக்குக்கட்டி. இன்றைக்கு வேறு கருவி எதுவும் வேண்டாம்.

சென்ற மாதம் பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரப் பெட்டியும் அச்சும், உடைந்தது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? பழைய உதிரிபாகக் கடை ஒன்றில், "இதே வண்டியுடையதுதான், கண்ணை மூடிக்கொண்டு மாட்டுங்கள்" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் மாட்டினேன். சமதளத்தில் வண்டி முன்பைவிடச் சுகமாக ஓடியது, எஞ்சின் இரைச்சல்கூடக் குறைந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன். போடிமெட்டு ஏற்றத்தில்தான் முதல் சந்தேகம். எப்போதும் இரண்டாம் கியரில் ஏறுகிற வளைவில் முதல் கியர் கேட்டது. மேலே, மண்பாதை வருவதற்குச் சற்று முன்பே, தார்ச்சாலையில் இருக்கும்போதே நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டேன். அது என் அவசரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேர்ச்சாலையில் ஐம்பது மீட்டர் போவதற்குள் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. டயர்கள் கீச்சிட்டன. லீவரை எடுக்கப் பார்த்தால் வரவில்லை. வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்த பிறகுதான் கழன்றது.

சரி, கணக்கைப் பார்த்துவிடலாம். பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருக்கிறேன். கியர் நியூட்ரல். இந்தப் பழைய ஜீப்பில் கைப்பிரேக், ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். அதைப் போட்டால் ஷாஃப்ட் சுற்றாது. எனவே தரையில் நிற்கும் மூன்று சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருக்கிறேன். இதை விட்டுவிட்டு யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

ஷாஃப்டில் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு. இப்போது தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுகிறேன். ஏன் இரண்டு? மற்றொரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்கிறது. இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியலின் குணம் என்னவென்றால், அப்போது இந்தச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் உள்ளே கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம் அரைச் சுற்றுதான் போகும். ஷாஃப்டை எண்ணுங்கள்... ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஐந்தாவது சுற்று முடியவில்லை, கொஞ்சம் பாக்கி. 4.88. முன் ஆக்ஸிலைக் காலையிலேயே இதே முறையில் பார்த்துவிட்டேன்: ஐந்தேகாலையும் தாண்டியது. 5.38.

திருடன் அகப்பட்டுவிட்டான். ஷாஃப்டின் முனையில் கிரவுனைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரம்தான் பினியன். பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல் இருந்தால் 43ஐ 8ஆல் வகுத்து 5.38. இங்கே பின்னால் இருப்பது 39 பல் கிரவுன். நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்போது, பின் சக்கரம் 10 மீட்டர் போக, முன் சக்கரம் 9 மீட்டருக்குச் சற்று மேல்தான் போகும். மண்ணில் என்றால் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதையும் ஷாஃப்ட் வாங்கிக்கொள்கிறது.

ஏற்றத்தில் திணறியதும் இதனால்தான். 5.38 இருந்த இடத்தில் 4.88 வந்தால் பின் சக்கரத்துக்குப் போகும் திருப்புவிசையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு போய்விட்டது. ஸ்பீடோமீட்டர்கூட என்னை ஏமாற்றியிருக்கிறது. அது ஷாஃப்டின் சுற்றைத்தான் எண்ணுகிறது, சக்கரத்தை அல்ல. 60 என்று காட்டியபோது உண்மையில் 66இல் போயிருக்கிறேன்.

ஏன் 5 என்று முழு எண்ணாக வைக்கவில்லை, 8க்கு 40 பல் வைத்தால் கணக்கு எளிதாயிற்றே என்று தோன்றலாம். 40 பல் என்றால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் அதே ஐந்து பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒன்றில் குறை இருந்தால் அதே ஜோடிகள்தான் தேயும். 8க்கும் 43க்கும் பொதுக்காரணி இல்லை. பினியனின் ஒரு பல் கிரவுனின் 43 பற்களையும் பார்த்து முடித்த பிறகுதான் பழைய ஜோடிக்குத் திரும்பும். தேய்மானம் பரவிவிடும். எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இந்த இரண்டு எண்களுமே ஜீப்பைச் செய்த அமெரிக்க நிறுவனமான வில்லிஸின் குடும்பத்தவை. இரண்டாம் உலகப் போரின் ராணுவ ஜீப்பில் இருந்தது 4.88. போர் முடிந்த 1945இல் உழவர்களை மனத்தில் வைத்து சிஜே-2ஏ என்ற வண்டியை விற்க வந்தபோது 5.38 ஆக்கினார்கள். ஏர் இழுக்க வேண்டும், மெதுவாகப் போக வேண்டும். முதல் கியர் 2.798, முன், பின் ஷாஃப்டுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ட்ரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை 2.46, ஆக்ஸில் 5.38. மூன்றையும் பெருக்குங்கள்: 37. எஞ்சின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. எஞ்சின் தருவது அதிகபட்சம் 142 நியூட்டன் மீட்டர்தான். உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் சக்கரத்தில் அது 5,250. நிமிடத்துக்கு 1,000 சுற்றில் வண்டி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர், மாட்டுக்குப் பக்கத்தில் நடக்கிற வேகம். ராணுவ ஜீப்பில் இதே பெருக்கல் 26ஐக்கூட எட்டாது. இந்த மலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகளுக்கு எந்த எண் வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதல் கியர் எண்ணை மட்டும் பார்த்து வண்டியை எடைபோடுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் நான்காம் தலைமுறை, ஆறு கியர் பெட்டியில் முதல் கியர் 5.087. லாரிக்கு உரியது போலத் தெரிகிறதா? அதன் கடைசி விகிதம், அதாவது கிரவுன் பினியன் விகிதம், 2.866. பெருக்கினால் 14.6. 1989இல் வந்த முதல் தலைமுறையில் 3.136, 4.3, பெருக்கினால் 13.5. ஏறக்குறைய ஒரே இடம். புதியதில் ஆறாம் கியரை நேராக 1 என்று வைக்க முடிந்தது. நேர் கியரில் சக்தி இடைப்பட்ட பல்லுகளின் வழியே சுற்றி வருவதில்லை, அதனால் இழப்பு குறைவு.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். "ஓடுகிறதல்லவா?" என்றார். ஓடுகிறதுதான். 8:43 கிரவுன் பினியன் ஜோடி ஒன்று வேறு இடத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். இந்த முறை மூடியைத் திறந்து, பல்லை எண்ணி, பிறகுதான் பணம். அதுவரை நான்கு சக்கர லீவரைத் தொடுவதாக இல்லை. சற்று விலகிக்கொள்கிறேன், ஜாக்கியை இறக்க வேண்டும்.