வயித்துப்போக்கு கேஸ்: 8 கிலோ குழந்தையை வெச்சு பிளான் ஏ, பி, சி ரிவிஷன்

வணக்கம் மக்களே. ஃபைனல் இயர் பீடியாட்ரிக்ஸ் ரிவிஷன்ல இன்னைக்கு வயித்துப்போக்கு மட்டும்தான். நிமோனியா, காய்ச்சல் வலிப்பு எல்லாம் வேற வீடியோ. உடம்புல தண்ணி எவ்வளவு குறைஞ்சிருக்கு (டீஹைட்ரேஷன்) என்பதைப் பொறுத்து மாறுற சிகிச்சைத் திட்டம்தான் பிளான் ஏ, பி, சி: வீட்ல பாத்துக்கறதுக்கு ஏ, 'சம்' டீஹைட்ரேஷனுக்கு பி, 'சிவியர்'க்கு சி. இந்த ஒரு டாபிக்குக்கு ஏன் தனி வீடியோன்னா, இந்த நம்பரெல்லாம் எல்லாரும் மனப்பாடமா ஒப்பிச்சிடறாங்க. ஆனா எந்தக் குழந்தைக்கு எந்த பிளான்னு கேட்டா தடுமாறுறாங்க. மார்க் அங்கதான் போகுது.

ஒரே ஒரு குழந்தையை வெச்சுப் போவோம். 10 மாசம், 8 கிலோ, ரெண்டு நாளா தண்ணி தண்ணியாப் போகுது.

அம்மாகிட்ட கேக்க வேண்டியது: எத்தனை நாளா, ரத்தம் கலந்து போச்சா, வாந்தி இருக்கா, கடைசியா எப்போ மூத்திரம் போனான், வீட்ல என்ன குடுத்தீங்க. ரத்தம்னா சீதபேதி, 14 நாளோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா பெர்சிஸ்டன்ட் டயரியா. அதுக்கு ரூட்டே மாறிடும்.

இப்ப நாலு அறிகுறி பாக்கணும். ஆர்டர் முக்கியம், தொடாம பாக்குறதை முதல்ல பாருங்க. குழந்தை சோர்ந்து கிடக்கா, இல்ல நச்சு நச்சுன்னு அழுதுட்டே இருக்கா? நீங்க தொட்டதும் அழுதா அது எரிச்சல் கணக்குல வராது. அம்மா தூக்கி சமாதானப்படுத்தியும் அடங்கலைன்னாதான் ரெஸ்ட்லெஸ்.

ரெண்டாவது கண். குழி விழுந்திருக்கான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க, "எப்பவும் இப்படித்தான் இருக்குமாம்மா?"ன்னு கேளுங்க. மெலிஞ்ச குழந்தைக்கு தண்ணி குறையாமலே கண் உள்ளே போயிருக்கும்.

மூணாவது, ஸ்பூன்லயோ டம்ளர்லயோ தண்ணி குடுத்துப் பாருங்க. டம்ளரை எடுத்ததும் கையை நீட்டுதுன்னா, தாகம். வாயில ஊத்தினது முழுங்காம வழியுதுன்னா, குடிக்க முடியல.

கடைசியாத்தான் தோலைக் கிள்ளணும். கேமராவுக்குப் பக்கத்துல காட்டுறேன், இந்த பொம்மை வயித்தைப் பாருங்க. தொப்புளுக்கும் வயித்தோட ஓரத்துக்கும் நடுவுல. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, நுனியால இல்ல, நுனியால கிள்ளினா வலிக்கும். மடிப்பு உடம்போட நீளவாக்குல வரணும், குறுக்க வந்தா தப்பு. ஒரு செகண்ட் பிடிச்சு விடுங்க. உடனே போனா நார்மல். கண் இமைக்கிற நேரமாவது மடிப்பு நின்னு போனா ஸ்லோ. 2 செகண்டுக்கு மேல நின்னா வெரி ஸ்லோ.

இனிமேதான் வைவா (வாய்மொழித் தேர்வு) கொக்கி. டீஹைட்ரேஷன் அட்டவணையில 'சம்', 'சிவியர்'னு தனித்தனி காலம் (column) இருக்கு. எந்த காலம்லயும் ரெண்டு அறிகுறி வேணும். குழி விழுந்த கண் 'சம்' காலம்லயும் இருக்கு, 'சிவியர்' காலம்லயும் இருக்கு. கண் பிளஸ் எரிச்சல்னா, சம் டீஹைட்ரேஷன். கண் பிளஸ் மயக்கமாக் கிடக்குன்னா, சிவியர். மயக்கம் ஒண்ணு சிவியர்லயும், ஸ்லோ பின்ச் ஒண்ணு சம்லயும் இருந்து, கண் நார்மல்னா? சிவியர்ல ரெண்டு சேரல, அதனால சம்.

நம்ம பையன் எரிச்சலா இருக்கான், தண்ணிக்குக் கை நீட்டுறான். பிளான் பி. கிலோவுக்கு 75 மில்லி ஓஆர்எஸ், 4 மணி நேரத்துல. 8 பெருக்கல் 75, 600 மில்லி. மணிக்கு 150. "குடுங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போனா எக்ஸாமினர் விடமாட்டார், எப்படிக் குடுப்பாங்கன்னு கேப்பார். இந்த 5 மில்லி ஸ்பூனால 2 நிமிஷத்துக்கு ஒரு தடவை. மணிக்கு 30 ஸ்பூன், கரெக்டா 150 மில்லி. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் நிறுத்திட்டு, அப்புறம் இன்னும் மெதுவா. தாய்ப்பால் நிக்கக் கூடாது. கண் இமை வீங்கினா ஓஆர்எஸ்ஸை நிறுத்திட்டு வெறும் தண்ணியும் தாய்ப்பாலும். 4 மணி நேரம் கழிச்சு மறுபடி அதே நாலு அறிகுறி, மறுபடி பிளான்.

இதே பையன் மயங்கிக் கிடந்து, குடிக்கவும் முடியலைன்னா பிளான் சி. நரம்பு வழியா (ஐவி) ஏத்துற ரிங்கர் லாக்டேட் கரைசல், கிலோவுக்கு 100 மில்லி, மொத்தம் 800. ஒரு வயசுக்குக் கீழனா முதல் 30 மில்லி/கிலோ 1 மணி நேரம், மீதி 70 மில்லி/கிலோ 5 மணி நேரம். ஒரு வயசு ஆயிடுச்சுன்னா அதே 30 அரை மணி நேரத்துல, 70 ரெண்டரை மணி நேரத்துல. நிறைய பேர் மாத்தி எழுதுற இடம் இது. சின்னக் குழந்தைக்கு நேரம் ரெட்டிப்புன்னு வெச்சுக்கோங்க.

நம்ம பையனுக்கு முதல் மணி 240 மில்லி, அப்புறம் 560 மில்லி, அதாவது மணிக்கு 112. டிரிப் செட் கவர்ல ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டுன்னு போட்டிருக்கும். 20 சொட்டு செட்னா முதல் மணி நிமிஷத்துக்கு 80 சொட்டு, அப்புறம் சுமார் 37. மைக்ரோ டிரிப்ல (ஒரு மில்லிக்கு 60 சொட்டு) நிமிஷத்துக்கான சொட்டு எண்ணிக்கையும் மணிக்கான மில்லியும் ஒண்ணுதான், 112. செட் எதுன்னு சொல்லாம சொட்டுக் கணக்கு மட்டும் எழுதினா அது விடையே இல்ல. முதல் 30 மில்லி/கிலோ போனப்புறம் ரேடியல் பல்ஸ் (மணிக்கட்டு நாடி) இன்னும் வீக்கா இருந்தா, அதையே இன்னொரு தடவை. குடிக்கிற நிலைக்கு வந்ததும் டிரிப் ஓடும்போதே ஓஆர்எஸ், கிலோவுக்கு மணிக்கு 5 மில்லி.

ரிங்கர் லாக்டேட் இல்லைன்னா நார்மல் சலைன். பொட்டாசியமும் இல்ல, லாக்டேட்டும் இல்ல, அதனால ரெண்டாவது சாய்ஸ். வெறும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கூடவே கூடாது. சோடியம் இல்லாத தண்ணி, ரத்தத்துல சோடியம் இறங்கி வலிப்பு வரும்.

நரம்பு கிடைக்கலைன்னா மூக்கு வழி டியூப்ல கிலோவுக்கு மணிக்கு 20 மில்லி ஓஆர்எஸ், 6 மணி நேரம். இவனுக்கு மணிக்கு 160. வயிறு உப்பினாலோ திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ வேகத்தைக் குறைங்க.

கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைக்கு இந்த நம்பரைத் தூக்கிட்டுப் போகாதீங்க. இதயம் தாங்காது. ஷாக் (ரத்த ஓட்டம் சரிஞ்சு போற நிலை) இல்லைன்னா ஐவி வேண்டாம். ரீசோமால் (இந்தக் குழந்தைகளுக்கான, சோடியம் குறைஞ்ச ஓஆர்எஸ்), கிலோவுக்கு 5 மில்லி அரை மணிக்கு ஒரு தடவை, முதல் 2 மணி நேரம்.

ஓஆர்எஸ் கலவை வைவால வரும். லிட்டருக்கு மில்லிமோல் கணக்குல சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. கூட்டுங்க, 245, இதுதான் ஆஸ்மோலாரிட்டி (கரைஞ்சிருக்கிறதோட மொத்த அளவு). 2002-ல இது வர்றதுக்கு முன்னாடி 311 இருந்தது. சிறுகுடல்ல சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாத்தான் உள்ளே போகும், தண்ணி பின்னாடியே போகும். சர்க்கரை அதிகமானா தண்ணி குடலுக்குள்ள இழுபடும், போக்கு கூடும். ஜூஸும் கூல்டிரிங்க்ஸும் வேண்டாம்னு சொல்றது அதுக்குத்தான். 1971-ல மேற்கு வங்காளத்துல இருக்கிற பங்காவ்ன் அகதி முகாம்ல டாக்டர் திலீப் மகலநபிஸ் காலராவுக்கு இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலைத்தான் நம்பினார். டிரிப் பாட்டில் தீர்ந்துட்டு இருந்த இடம் அது.

பாக்கெட் ரெண்டு சைஸ்ல வருது, 1 லிட்டருக்கும் 200 மில்லிக்கும். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கொட்டினா சோடியம் எகிறும். கவுன்சலிங் ஸ்டேஷன்ல "எந்த பாக்கெட், எவ்வளவு தண்ணி"ன்னு அம்மாவையே திருப்பிச் சொல்ல வைங்க. கலக்கினதை 24 மணி நேரத்துக்கு மேல வெச்சுக்கக் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும்போது பிளான் ஏ. ஒவ்வொரு தடவை போனதுக்கு அப்புறமும் 2 வயசுக்குக் கீழ 50-ல இருந்து 100 மில்லி, மேலனா 100-ல இருந்து 200. போக்கை நிறுத்துற லோபெரமைடு மாத்திரை கிடையாது, குடல் அசைவே நின்னு போகும். ஆன்டிபயாட்டிக் சீதபேதிக்கும் காலராவுக்கும்தான்.

ஜிங்க், 2-ல இருந்து 6 மாசம் வரை 10 மில்லிகிராம், மேல 20, 14 நாள். நம்ம பையனுக்கு 20. மாத்திரையை ஒரு ஸ்பூன் ஓஆர்எஸ்லயோ பீய்ச்சின தாய்ப்பால்லயோ கரைச்சுக் குடுக்கலாம். மூணாம் நாள் போக்கு நின்னதும் அம்மா ஜிங்க்கை நிறுத்திடுவாங்க. அதனால "நின்னாலும் 14 நாள் குடுக்கணும்மா"ங்கிறதை எக்ஸாமினர் காதுல விழுற மாதிரி சொல்லிட்டு எந்திரிங்க.